கொம்பு பிக்கை அனுப்ப மாட்டேன்

தம்பி,

உன் கடுதாசி நேத்து மத்தியானம் வந்துச்சு. அரிசியைக் களைஞ்சு உலையில போட்ட ஈரக் கையோட பிரிச்சேன், படிச்சு முடிக்கறதுக்குள்ள சோறு குழைஞ்சே போச்சு. சௌக்கியமா இருக்கேன்னு முதல் வரியில எழுதிட்டு, சரியாத் தூங்கி நாளாச்சுன்னு அடுத்த வரியிலேயே எழுதியிருக்கே. எது நிஜம்னு பெத்தவளுக்குத் தெரியாதா? மெட்ராசுல பாட்டு ரெக்கார்டிங் பண்ற எடத்துல உன்னைக் கிதார் வாசிக்கக் கூப்பிட்டாங்க. நீ வாசிச்சது அங்க இருக்கற மியூசிக் மாஸ்டருக்குப் பிடிக்கல. "ஏம்ப்பா, பொதுக்கூட்டத்துலயா வாசிக்கிறே? மைக் உன் மூக்குக்கு முன்னாடி இருக்கு. கம்பிச் சத்தத்தைவிட பிக் தட்டுற சத்தம்தான் டக்கு டக்குன்னு விழுது"ன்னு எல்லாரும் இருக்கையில சொல்லிட்டாரு. வர்ற செவ்வாய்க்கிழமை இன்னொரு தடவை வாசிச்சுக் காட்டணும். அன்னைக்கும் இப்படியே இருந்தா வேற ஆளைப் போட்டுக்குவாங்க. இதுதானே சங்கதி? இதுக்கு நீ கண்டுபிடிச்ச வைத்தியம், கிதார் கம்பியைத் தட்டுறதுக்கு அப்பா வச்சிருக்கற அந்தக் கொம்பு வில்லையை, அவரோட பிக்கை, உடனே தபால்ல அனுப்பணும்ங்கறது. அது கையில இருந்தா அப்பா மாதிரி தைரியமா வாசிச்சிருவேன்னு எழுதியிருக்கே. உங்கப்பாவும் ஒண்ணும் யோசிக்கல. படிச்ச சூட்டோட பிக்கை எடுத்துத் துடைச்சு, காகிதத்துல மடிச்சு, கவர்ல போட்டு ஒட்டியும் வச்சுட்டாரு. நான் அந்தக் கவரைப் பிரிச்சு, பிக்கை எடுத்து, திரும்ப அவர் சட்டைப் பையிலேயே போட்டுட்டேன். கோவப்படாத. ஏன்னு சொல்லத்தான் இதை எழுதறேன். நீளமாப் போகும், உக்காந்து படி.

உனக்குக் கிதாரைப் பத்தி என்னம்மா தெரியும்னு கேப்பே. வாஸ்தவம்தான், எனக்கு ச ரி க மகூடத் தெரியாது. சமைக்கத் தெரியாதவனுக்குக் குழம்புல உப்பு கூடினது தெரியாமலா போயிடும்? உங்கப்பா வாசிப்பை இந்த ஊர்ல எனக்கு முன்னாடி காது குடுத்துக் கேட்டவங்க யாரும் கிடையாது. அதோட அவரு வாசிச்ச பிக்குல பாதிக்கு மேல என் கத்திரிக்கோல்ல வெட்டினது. நான் அப்ப தையல் பழகிக்கிட்டு இருந்தேன். அவரு வீடும் எங்க வீடும் ஒரே தெரு, எதிரெதிர் வரிசை. அந்தக் காலத்துல கும்பகோணத்துக் கடையில வீணைக் கம்பி கேட்டா குடுப்பாங்க, கிதார் பிக்குன்னு கேட்டா நம்மளை ஏற இறங்கப் பார்ப்பாங்க. அதனால கெட்டியா, கைக்கு அடக்கமா எது கிடைச்சாலும் இதை வெட்டிக் குடுன்னு என்கிட்டதான் வருவாரு. கொட்டாங்கச்சியைத் தேய்ச்சுப் பார்த்தோம், கல்லு மாதிரி இருந்து கம்பியை அறுத்துது. சோப்பு டப்பா மூடியை வெட்டினோம், ஒரு பாட்டு முடியறதுக்குள்ள முனை மழுங்கிப் போச்சு. எங்கம்மாவோட சீப்பு முதுகை வெட்டி நான் வாங்கின அடி தனிக்கதை. எது வளையும், எது உடையும், எது கம்பி மேல வழுக்கிக்கிட்டுப் போகும், எது கம்பியைக் கடிக்கும்னு எல்லாம் எனக்கு அப்பவே அத்துப்படி.

உங்கப்பா வேளாங்கண்ணிப் பக்கம் சாமியாருங்க நடத்தின ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சாரு. நம்ம தெருவுலேர்ந்து வயல் வேலைக்குப் போகாம படிக்கப் போன மொத ஆளு அவருதான். படிப்பு முடிஞ்சு வரும்போது டிரங்குப் பெட்டியும் ஒரு பழைய கிதாருமா வந்து இறங்கினாரு. மாதா கோயில் பாட்டுக்கு வாசிச்சுப் பழகின கை. வந்த புதுசுல பிக்கெல்லாம் கிடையாது, வெறும் கட்டைவிரல். நாங்க பொம்பளைங்க நடவு நட்டுக்கிட்டுப் பாடுவோம், அவரு வாய்க்கால் மதகு மேல உக்காந்து அதுக்கு அடியில வாசிப்பாரு. அடியிலன்னா அடியிலதான். எங்க பாட்டை ஒரு எடத்துலயும் மூடாது, பாட்டுக்குப் பாய் விரிச்சுப் போட்ட மாதிரி இருக்கும். அவரு வாசிக்கறதை நிறுத்தினாத்தான் இவ்வளவு நேரம் வாசிச்சுக்கிட்டு இருந்தாருன்னே தெரியும். அதுலதான் நான் விழுந்தேன். வேற எதுல விழ முடியும், ஆளு ஒண்ணும் பெரிய அழகன் கிடையாது, உனக்கே தெரியும். அந்த வாசிப்பை நீ கேட்டதே இல்ல தம்பி. நீ அப்பா மாதிரி வாசிக்கணும்னு எழுதியிருக்கறதைப் படிச்சப்போ எனக்கு முதல்ல தோணினது அதுதான். எந்த அப்பா மாதிரிடா?

எங்கப்பா, அதான் உன் தாத்தா, நம்ம ஊர் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளர். தோள்ல எப்பவும் சிவப்புத் துண்டு. நீ கைக்குழந்தையா இருக்கையிலேயே போயிட்டாரு, முகம்கூட உனக்கு ஞாபகம் இருக்காது. நான் சொல்ற இது எங்க கல்யாணத்துக்கு முந்தி, அப்பத்தான் கோட்டையில ஆட்சி மாறி, இனிமே ஏழைங்க ஆட்சின்னு எங்க பார்த்தாலும் பேச்சு. கூலிக்குச் சட்டம் வந்துச்சு, குடியிருக்கற மனைக்குப் பட்டா வரும்னாங்க. காகிதத்துல எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. களத்துல மரக்காலை எடுத்து நெல்லு அளக்கும்போது மட்டும் மிராசுதாருக்கு அதே பழைய கை. கேட்டா, வெளியூர் ஆளை லாரியில கொண்டாந்து இறக்கி அறுத்துக்கறேன், நீங்கள்லாம் வீட்டுலயே இருங்கன்னுவாங்க. கேக்கறவன் குரல் உசந்தாத்தான் அரை மரக்கா கூடும். அதனால எங்கப்பாவுக்கு மனுசனை அளக்க ஒரே அளவுதான், சத்தம். "மெதுவாப் பேசறவனுக்குப் பதரைத்தான் அளப்பாங்க"ன்னு அடிக்கடி சொல்லுவாரு. அவரு சொன்னதுல தப்பு இல்ல. அந்தக் களத்துல நின்னு பார்த்தவங்களுக்கு அது தெரியும்.

அப்படிப்பட்ட மனுசன்கிட்ட உங்கப்பா தன் அக்காவைக் கூட்டிக்கிட்டு வந்து பொண்ணு கேட்டாரு. எங்கப்பா மரியாதையா உக்கார வச்சு, காப்பித் தண்ணி குடுத்து, நிதானமாச் சொன்னாரு. "தம்பி, உன்கிட்ட ஒரு குறையும் இல்ல. படிச்சிருக்கே, குடிக்க மாட்டே. ஆனா உன் கிதாரையும் நான் கேட்டுட்டேன். கொசு பாடுதா கிதார் பாடுதான்னு தெரியல. இப்படிச் சத்தமே எழும்பாத ஆளுக்குப் பொண்ணைக் குடுத்தா, நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா நீ களத்துல நின்னு நியாயம் கேப்பியா?" உங்கப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஏதோ பதில் சொன்னாரு. "என்ன சொல்றே?"ன்னு எங்கப்பா திருப்பிக் கேட்டாரு. போச்சு, காரியம் அதோட முடிஞ்சுது. நான் அடுப்படியில நின்னு, இந்த மனுசன் ஒரு தடவையாவது தொண்டையைத் தொறந்து பேசக் கூடாதான்னு பல்லைக் கடிச்சேன். ஊருக்கே விஷயம் தெரிஞ்சு போச்சு. தண்ணி எடுக்கப் போனா, "என்னடி, உங்கப்பன் மாட்டேன்னுட்டானாமே"ன்னு கேக்காத ஆளு கிடையாது.

அடுத்த வாரம் உங்கப்பா என்னைத் தேடி வந்தாரு. அறுப்புக்கு முந்தி கூலி கேட்டுச் சங்கத்துக் கூட்டம் போடறாங்க, மைக் செட்டுக்குப் போலீஸ் அனுமதி குடுக்கல, வெறும் வாயிலதான் எல்லாம். அதுல நான் கிதார் வாசிக்கப் போறேன், செயலாளர் காதுல நல்லா விழணும், கெட்டியா ஒரு பிக் வெட்டிக் குடுன்னாரு. எனக்கு வந்த சந்தோசத்துக்கு அளவே இல்ல. வீடு முழுக்கத் தேடினேன். அப்ப வயலுக்குப் பூச்சிமருந்து புதுசா வந்த நேரம். மருந்து தீர்ந்த டப்பாவை யாரும் தூக்கிப் போட மாட்டாங்க. கழுவிட்டு மண்ணெண்ணெய் வாங்க வச்சுக்குவாங்க, எவ்வளவு பெரிய மடத்தனம். அந்த டப்பா மூடி நல்ல தடிமன். வளைச்சா உடையாது, விட்டா நிமிந்துக்கும். சாம்பல் போட்டுத் தேய்ச்சு, சீயக்காய் போட்டுத் தேய்ச்சு, வெயில்ல காய வச்சு, மோந்து பார்த்து, வாடை இல்லைன்னு தெரிஞ்சப்புறம் வெட்டிக் குடுத்தேன். பிக்குக்குன்னே செஞ்ச மாதிரி அமைஞ்சு போச்சு. சத்தம்னா அப்படி ஒரு சத்தம்! ஒண்ணே ஒண்ணை நான் யோசிக்கல. கிதார்க்காரங்களுக்கு ஒரு பாழாப்போன பழக்கம் உண்டு. உனக்கும் இருக்கு, எத்தனை தடவை திட்டியிருக்கேன். ஆணியைத் திருகிச் சுதி சேர்க்கும்போது பிக்கைப் பல்லுல கடிச்சுக்கறது.

கூட்டம் களத்து மேட்டுல. பார வண்டி ஒண்ணை நிறுத்தி அதுதான் மேடை. எங்கப்பா நின்னு பேசறாரு, பேச ஆரம்பிச்சா லேசுல முடிக்கற ஆளும் இல்ல. உங்கப்பா வண்டி ஓரத்துல உக்காந்து சுதி சேர்க்கறாரு. கம்பி புதுசு, முறுக்க முறுக்க இறங்குது. பயத்துல காலையிலேர்ந்து வெறும் வயிறு. எங்கப்பா பேசிக்கிட்டே இருக்காரு, இவரு பிக்கைக் கடிச்சுக்கிட்டே இருக்காரு. கொஞ்ச நேரத்துல பார்த்தா ஆளுக்கு வேர்த்துக் கொட்டுது, வாயில எச்சி ஊறுது, கண்ணு சொருகுது. அப்படியே வண்டியிலேர்ந்து சரிஞ்சு கீழ விழுந்து வாந்தி எடுத்துட்டாரு. முன்வரிசையில இருந்த அஞ்சலை அத்தை, எங்க நடவுக் கூட்டத்துக்கு அவதான் தலைவி, குனிஞ்சு மோந்து பார்த்துட்டு ஒரு கத்து கத்தினா பாரு. "ஐயையோ, மருந்து வாடை அடிக்குதே! பாவி மவன் மருந்தைக் குடிச்சுட்டானே!" நம்ம பக்கத்துல மருந்து வாடையோட ஒரு எளவட்டப் பய வாந்தி எடுத்தா அதுக்கு ஒரே அர்த்தம்தான். அதுலயும் பொண்ணு இல்லைன்னு சொன்ன கதை ஊர் பூரா தெரிஞ்சிருக்கும்போது கேக்கணுமா?

அவ்வளவுதான். நாலு பேரு கையைக் காலைப் பிடிச்சுக்கிட்டாங்க. மாட்டுச் சாணியைத் தண்ணியில கரைச்சுக் கொண்டாந்துட்டா அத்தை. உங்கப்பா, "குடிக்கலங்க, நான் குடிக்கலங்க"ன்னு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டறாரு. "குடிச்சவன் எவண்டா குடிச்சேன்னு சொல்லியிருக்கான்? தொறடா வாயை!"ன்னு அத்தை மூக்கைப் பிடிச்சு ஊத்தறா. அந்த மனுசன் வாழ்க்கையிலேயே அன்னைக்குத்தான் மொத தடவையாச் சத்தமாக் கத்தினாரு, அன்னைக்குப் பார்த்து ஒருத்தரும் நம்பல. எங்கப்பா வண்டியிலேர்ந்து குதிச்சு ஓடி வந்தாரு. அவரு பேச்சைப் பாதியில விட்டு நான் பார்த்தது அன்னைக்கு ஒரு நாள்தான். உங்கப்பா தலையைத் தூக்கித் தன் மடியில வச்சுக்கிட்டாரு. "ஏண்டா மடப்பயலே, போராடத்தாண்டா சங்கம் வச்சிருக்கோம், சாகறதுக்கா? பொண்ணுதானே வேணும்? தரேண்டா. இதோ, இத்தனை பேரு சாட்சி, தரேன். கண்ணைத் தொற"ன்னாரு. போலீஸ் அடிச்சப்போகூட அழாத மனுசன், அந்தக் களத்துல புழுதியில உக்காந்து அழுதாரு.

நான் பக்கத்துலதான் நிக்கறேன். பல்லுத் தடத்தோட பிக் மண்ணுல கிடக்குது. பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிஞ்சு போச்சு, மூடிக்குள்ள ஊறிக் கிடந்த மருந்து கடிக்கக் கடிக்க எச்சில்ல இறங்கியிருக்கு. வயித்துக்குள்ள போனது கொஞ்சமோ நஞ்சமோ, மருந்து மருந்துதான், அதனால ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கன்னு கத்தினேன். மூடி விஷயத்தை மட்டும் வாய் தொறக்கல. எங்கப்பா வாயிலேர்ந்து வந்த "தரேன்" கொஞ்சம் இறுகட்டும்னுதான். திருட்டுத்தனம்தான், இல்லைங்கல. திரும்ப அப்படி ஒரு நாள் வந்தா திரும்பவும் அதையேதான் பண்ணுவேன். கும்பகோணத்துல டாக்டர்கிட்ட மட்டும் பிக்கைக் காட்டி விவரம் சொல்லிட்டேன். அவரு சாணித் தண்ணி ஊத்தினதுக்கு ஊரையே சேர்த்துத் திட்டினாரு, மூடியை வெட்டினதுக்கு என்னைத் தனியாத் திட்டினாரு. அந்தச் சாணித் தண்ணி மூச்சுக்குழாயில போயிருந்தா அதுவே ஆளைக் கொன்னுருக்கும்னாரு. அன்னையிலேர்ந்து நம்ம வீட்டுல மருந்து டப்பா எதுவும் உள்ள வந்ததில்ல.

மறுநாள் உங்கப்பா எழுந்து உக்காந்துட்டாரு. எங்கப்பா இளநி சீவிக் குடுக்கறாரு, மாப்ளை மாப்ளைங்கறாரு, எனக்குக் கால் தரையில பாவல. அப்பப் பார்த்து உங்கப்பா, "மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் மருந்து குடிக்கல, டப்பா மூடியில செஞ்ச பிக்கைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன், அவ்வளவுதான்"னு போட்டு உடைச்சாரு. அட மனுசா, தாலி கட்டிட்டுச் சொல்லக் கூடாதா! எங்கப்பா இளநியைக் கீழ வச்சாரு. என்னை ஒரு பார்வை, அவரை ஒரு பார்வை. "சபையில ஒரு தீர்மானம் நிறைவேறிட்டா, அதை ரத்து பண்ண மறுபடி கூட்டம் கூட்டணும். அறுப்பு நெருங்கிட்டுது, கூட்டம் போட எனக்கு நேரமில்ல"ன்னாரு. அப்புறம் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "ஆனா வாசிக்கறேன்னு வந்தே, வாசிக்காம வாந்தி எடுத்துட்டே. அடுத்த கூட்டத்துல வாசிக்கணும். தெருக்கோடிக்குக் கேக்கணும்"னு சொல்லிட்டு வெளிய போயிட்டாரு. அவரு போனப்புறம் நாங்க ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல நர்சம்மா வந்து அதட்டினாங்க.

நீ கேட்ட கொம்பு பிக் அதுக்கப்புறம் வந்ததுதான். எங்க வண்டி மாடு வயசாகிச் செத்தப்போ எங்கப்பாவே அதோட கொம்பு முனையை எடுத்து வச்சிருந்தாரு. இதுல விஷம் கிஷம் கிடையாது, கடிச்சுக்கன்னு மாப்ளைகிட்ட குடுத்தாரு. நான்தான் அரத்துல ராவி, தேங்காய் எண்ணெய் போட்டு வழவழன்னு ஆக்கினேன். அந்தப் பிக்கோடதான் உங்கப்பா ஒவ்வொரு கூட்டத்துக்கும் போனாரு. மைக் இல்லாத களத்துல, காத்து அடிக்கற வெட்டவெளியில, நூத்துக்கணக்கான ஜனத்துக்கு நடுவுல தோள்லேர்ந்து கையை வீசி அடிப்பாரு. தாசில்தார் முன்னாடி பேச்சுவார்த்தை நடந்தப்போ வெளிய மரத்தடியில இவரு அடிச்ச அடி உள்ள வரைக்கும் கேட்டுச்சுன்னு எங்கப்பா பெருமையாச் சொல்லுவாரு. அந்தப் போகத்துல கூலியும் கூடுச்சு. கிதாரால கூடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், ஜனம் நின்னதால கூடுச்சு. ஜனத்தை நிக்க வச்சதுல கிதாருக்கும் ஒரு பங்கு உண்டு. அதனால அந்தச் சத்தத்தை நான் குறை சொல்றேன்னு நினைக்காத. அது பொய்ச் சத்தம் இல்ல, அந்த எடத்துக்கு வேண்டியிருந்த சத்தம். அப்புறம் வாத்தியார் வேலை கிடைச்சுது. பள்ளிக்கூட விழா, கட்சி மாநாடு, கல்யாணம், பொங்கல் விளையாட்டுன்னு எங்க கூப்பிட்டாலும் அதே பிக், அதே வீச்சு. கை அதுக்கே பழகிப் போச்சு. நீ பொறந்து கண்ணு முழிச்சுக் கேட்டது அதைத்தான். அதுதான் அப்பான்னு நீ நினைச்சதுல ஆச்சரியம் இல்ல.

ஆனா உன் கை எப்படிப்பட்டதுன்னு எனக்குத் தெரியும். நான் வரப்புல வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகினப்போ எக்ஸ்ரே எடுத்தாங்கல்ல, அந்தப் படத்தை நீ எனக்குத் தெரியாம வெட்டி பிக் பண்ணிக்கிட்டே. மெல்லிசா, காகிதம் மாதிரி இருக்கும். திருவிடைமருதூர்த் தைப்பூசத்துல சாமி புறப்பாட்டுக்குக் கேட்ட நாயனத்தை வீட்டுக்கு வந்து அதுல ஒவ்வொரு சுரமாப் பொறுக்கி வாசிப்பே. நான் தையல் மிஷினை மிதிக்காம கேட்டுக்கிட்டு இருப்பேன், துணி குடுத்தவங்க வந்து சத்தம் போடுவாங்க. அப்புறம் அந்தப் பள்ளிக்கூட விழா. நீ மேடையில அதே மாதிரி மெல்லிசா வாசிச்சே, கடைசி வரிசையிலேர்ந்து உங்கப்பா, "கேக்கலடா, ஓங்கி வாசி!"ன்னு கத்தினாரு. எல்லாரும் சிரிச்சாங்க, உனக்குக் காது மடல் சிவந்து போச்சு. அவரு என்ன பண்ணுவாரு, எங்கப்பா குரல் அவரு தொண்டைக்கு வந்துடுச்சு. மறுநாளே நீ எக்ஸ்ரே பிக்கைத் தூக்கிப் போட்டுட்டு, தடியா ஒண்ணு வெட்டிக் குடும்மான்னு வந்து நின்னே. நானும் வெட்டிக் குடுத்தேன். அன்னையிலேர்ந்து உன் மணிக்கட்டு விறைச்சுக்கிட்டு இருக்கு, தம்பி. அந்த விறைப்பைத்தான் மாஸ்டர் கண்டுபிடிச்சிருக்காரு. அவரு உன்னை அவமானப்படுத்தல, உனக்கு நல்லது சொல்லியிருக்காரு.

இப்ப காரியத்துக்கு வர்றேன். கிதாரைத் தூக்கிக்கிட்டே கடைக்குப் போ. கடைக்காரன் நல்லா ஓடற சரக்குன்னு எதையாவது நீட்டுவான், அதை மட்டும் வாங்கிக்கிட்டு வந்துடாத. மெல்லிசு, நடுவாந்தரம், தடிப்புன்னு வகைக்கு ஒண்ணு எடு. கடையில ஜம்பத்துக்கு எதையும் வாசிக்காத, செவ்வாய்க்கிழமை வாசிக்கப் போற பாட்டையே முழுசா வாசி. கண்ணை மூடிக்க. கம்பிச் சத்தத்துக்கு முன்னாடி பிக் சத்தம் காதுல விழுந்தா அதை ஓரமா வை. பாடறவங்களுக்கு அடியில தாளத்தோட அடிச்சுக்கிட்டுப் போறதுக்கு மெல்லிசுதான் சரி. அது தானே வளைஞ்சு குடுக்கும், பாட்டை மிதிக்காது. தனியா ஒரு சுரம் ஒரு சுரமா எடுக்கறதுக்குக் கொஞ்சம் தடிப்பு வேணும், இல்லைன்னா சுரம் தொளதொளன்னு இருக்கும். அதுக்கும் முனை விரலுக்கு வெளிய கொஞ்சம்தான் தெரியணும். பிடிக்கற பிடி கோலமாவு பிடிக்கற மாதிரி. இறுக்கினா மாவு விழாது, விட்டா மொத்தமாக் கொட்டிடும். உனக்கு உள்ளங்கை வேர்க்கும், அதனால வழவழன்னு இருக்கறது வேண்டாம். பிளேடால குறுக்கும் நெடுக்குமா ரெண்டு கீறல் போட்டுக்க, வழுக்காது. ஒரு பாட்டு முடிஞ்சதும் முழங்கை வலிச்சா பிக் தப்புன்னு அர்த்தம், நீ தப்புன்னு அர்த்தம் இல்ல. எதுவுமே சரியா வரலைன்னா விரலாலேயே வாசிக்கட்டுமான்னு மாஸ்டரைக் கேளு, கேக்கறதுல என்ன இருக்கு. நல்ல பிக் உனக்கு வாசிப்பைக் குடுத்துடாது. கைக்கு ஒவ்வாத பிக் இருக்கற வாசிப்பையும் வர விடாது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

இன்னைக்குக் காலையில சட்டைப் பையில கையை விட்ட உங்கப்பா, பிக் அங்க இருக்கறதைப் பார்த்துட்டு ஒரே கோவம். "எம் மவன் கேட்டான், நான் குடுக்கறேன். நடுவுல உனக்கு என்னடி?"ன்னாரு. "அவன் கேட்டது பிக்கை இல்லங்க, உங்க கையை. அதைக் கவர்ல போட்டு ஒட்ட முடியாது"ன்னேன். விருட்டுனு துண்டைப் போட்டுக்கிட்டு டீக்கடைக்குப் போயிட்டாரு. சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்தாரு. கருவாட்டுக் குழம்புக்குக்கூட முகம் மலரல, சாப்பிட்டு எழுந்தாரு. கையைக் கழுவிட்டு கிதாரை எடுத்தாரு. பிக்கை எடுக்கல. வெறும் கட்டைவிரலால கம்பியை மீட்டினாரு. முதல்ல தடுமாறுச்சு, விரல் எங்கெங்கயோ போச்சு. விடாம தடவிக்கிட்டே இருந்தாரு. கொஞ்ச நேரத்துல வந்துடுச்சு தம்பி, அந்த மதகு மேல வாசிச்சாரே, அதே வாசிப்பு. எனக்கு அழுகையை அடக்க முடியல. "இத்தனை வருசமா இதை எங்கங்க வச்சிருந்தீங்க?"ன்னு கேட்டேன். "நீதானே விதவிதமா வெட்டி வெட்டிக் குடுத்தே"ன்னு சொல்லிட்டுச் சிரிக்கறாரு. அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு, "அவனுக்கு எழுது. அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல எனக்குத்தான் கேக்கத் தெரியல. அவன் நல்லாத்தான் வாசிச்சான்னு எழுது"ன்னாரு. அவரு சொன்னதை அப்படியே எழுதிட்டேன்.

செவ்வாய்க்கிழமை என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. எடுத்துக்கிட்டா சந்தோசம், தெருவுக்கே சக்கரைப் பொங்கல் வைப்பேன். எடுத்துக்கலைன்னா, உன் வாசிப்பைக் கேட்டுட்டு அவங்க வேண்டாம்னு சொல்லட்டும், அதுல நமக்கு ஒரு கேவலமும் இல்ல. அப்பா வாசிப்பைப் போலியா வாசிச்சு அதுக்காகத் தள்ளுபடி ஆனா, உன்னை அவங்க கேக்கவே இல்லைன்னுதானே ஆகும்? அதை மட்டும் என்னால தாங்கிக்க முடியாது. ரெக்கார்டிங் பண்ற ரூமு வாசல்ல எல்லாரும் செருப்பைக் கழட்டி வச்சுட்டுத்தான் உள்ள போகணுமாமே. செவ்வாய்க்கிழமை உன் செருப்புப் பக்கத்துல எங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு, நீ மட்டும் உள்ள போ. நீ வாசிச்சுட்டு வர்ற வரைக்கும் நாங்க அங்கேயே இருப்போம்.

அம்மா